அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேயா? எண்ணங்களைச் சோதிக்கக் கற்றுத்தரும் சிகிச்சை

யீஷூனில் வசிக்கும் என் பெரியம்மாவுக்கு வயது 61. வெள்ளிக்கிழமை தவறாமல் பெருவிரைவு ரயிலில் தேக்காவுக்குப் போய், வீரமாகாளியம்மன் கோயிலில் விளக்கேற்றிவிட்டு, சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்புவார். பல ஆண்டுப் பழக்கம் அது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பழக்கம் நின்றது. விரத நாள் என்பதால் வெறும் வயிற்றில் கோப்பி-ஓ மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பியிருந்தார். ரயிலில் நல்ல கூட்டம். தோ பாயோவைத் தாண்டியதும் நெஞ்சு படபடத்தது, விரல்கள் மரத்தன, மூச்சு முட்டியது. நொவீனாவில் இறங்கி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். “அவ்வளவுதான், உங்க பெரியப்பா போன மாதிரியே நானும் போய்ச் சேரப்போறேன்னு நெனச்சேன்,” என்றார் பின்னர். பெரியப்பா மாரடைப்பில் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் இதயத்துடிப்புப் பதிவும் ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் பெரியம்மா அதன்பின் ரயில் ஏறவில்லை. அடுத்து பேருந்தை விட்டார். பிறகு மின்தூக்கியில் தனியாகப் போவதை விட்டார். ஏழாவது மாதத்தில் அவருடைய உலகம் புளோக்கின் கீழே இருக்கும் காப்பிக் கடையோடு முடிந்துவிட்டது. பேத்தியின் முதல் பிறந்தநாளைத் தெம்பனிசுக்குப் போகாமல் காணொளி அழைப்பில் பார்த்தார்.

அவரை மீண்டும் ரயிலில் ஏற்றியது மருந்து மட்டுமல்ல. பலதுறை மருந்தகத்து மருத்துவர் பரிந்துரைத்த ஒரு பேச்சுச் சிகிச்சை அது. தமிழில் அதனை ‘அறிவாற்றல் நடத்தை சிகிச்சை’ என்கிறோம். ஆங்கிலச் சுருக்கத்தில் சிபிடி. பெரியம்மாவின் அனுமதியுடன் அவருடைய அனுபவத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்தச் சிகிச்சை என்ன, எப்படி வேலை செய்கிறது, யாருக்கு உதவும், யாருக்குப் போதாது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நிகழ்வுக்கும் உணர்வுக்கும் நடுவில்

நண்பருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புகிறீர்கள். இரண்டு நீலக் குறிகள் விழுந்துவிட்டன. மூன்று மணி நேரமாகியும் பதில் இல்லை.

“என்மேல் கோபம்போல. நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?” என்று ஒருவர் நினைக்கிறார். அவருக்குக் கவலை வருகிறது. பழைய செய்திகளையெல்லாம் திரும்பத் திரும்பப் படிக்கிறார். “என்னை மதிப்பதே இல்லை,” என்று இன்னொருவர் நினைக்கிறார். அவருக்கு எரிச்சல் வருகிறது. அடுத்த முறை நண்பர் அழைக்கும்போது எடுப்பதில்லை. “வேலையாக இருப்பார்,” என்று நினைக்கும் மூன்றாமவர் சாப்பிடப் போய்விடுகிறார்.

மூவருக்கும் நடந்தது ஒன்றே. உணர்வும் செய்கையும்தான் வேறுவேறு. நடுவில் வந்து போன எண்ணம் அந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. இதுவே சிபிடியின் அடிப்படை. நிகழ்வு, எண்ணம், உணர்வு, உடல் மாற்றம், செய்கை ஆகியவை ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உணர்வை நேரடியாக மாற்றுவது கடினம். “கவலைப்படாதே” என்று சொன்னால் யாருக்கும் கவலை போவதில்லை. ஆனால் எண்ணத்தையும் செய்கையையும் பிடித்து ஆராயலாம். கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். அவை மாறினால் உணர்வும் உடலும் பின்தொடரும்.

எப்படி உருவானது?

அமெரிக்க உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸ் 1950களின் நடுப்பகுதியில், மனிதர்களை வருத்துவது நிகழ்ச்சிகளைவிட அவற்றைப் பற்றிய அவர்களுடைய நம்பிக்கைகளே என்ற அடிப்படையில் சிகிச்சை அளிக்கத் தொடங்கினார். பண்டைய கிரேக்கத் தத்துவவாதி எபிக்டெட்டசின் சிந்தனையில் தமக்கு ஈடுபாடு இருந்ததை அவர் மறைக்கவில்லை.

சிபிடியின் தந்தை என்று பரவலாக அழைக்கப்படுபவர் மனநல மருத்துவர் ஏரன் பெக். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், முதலில் ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு வழியில் பயின்றவர். மனச்சோர்வு உள்ளவர்களிடம் பேசும்போது, அவர்கள் சொல்லும் கதைக்கு அடியில் இன்னோர் ஓட்டம் இருப்பதை 1960களில் அவர் கவனித்தார். “நான் இவருக்குச் சலிப்பூட்டுகிறேன்”, “நான் எதற்கும் உதவாதவன்” என்பன போன்ற சிறு வாக்கியங்கள் கணப்பொழுதில் தோன்றி மறைந்தன. நோயாளிகள் அவற்றைத் தேடிப் போகவில்லை. கேள்வி கேட்காமல் நம்பினார்கள். பெக் அவற்றைத் ‘தானாக எழும் எண்ணங்கள்’ என்றார். தன்னைப் பற்றியும், தன்னைச் சூழ்ந்த உலகைப் பற்றியும், எதிர்காலத்தைப் பற்றியும் எழும் எதிர்மறை எண்ணங்கள் மூன்றும் சேர்ந்து மனச்சோர்வைத் தாங்கிப் பிடிக்கின்றன என்பது அவருடைய விளக்கம்.

பெக்கும் அவருடைய சகாக்களும் மனச்சோர்வுக்கான சிகிச்சைமுறையை விளக்கி எழுதிய நூல் 1979ல் வெளிவந்தது. பெக் 2021 நவம்பரில் தமது நூறாவது வயதில் காலமானார். இதற்கிடையில், அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு குறைக்கும் நடத்தை சிகிச்சை தனி வழியில் வளர்ந்துவந்தது. தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசஃப் வோல்ப் அதில் முன்னோடி. இரண்டு ஓடைகளும் கலந்ததே இன்றைய சிபிடி. பெயரிலேயே ‘அறிவாற்றல்’, ‘நடத்தை’ என்ற இரண்டும் இருப்பதற்கு அதுவே காரணம்.

சிந்தனை எங்கெங்கே திரிகிறது?

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்ற பழமொழி நமக்குப் புதிதல்ல. மனம் கலங்கியிருக்கும்போது சிந்தனை சில குறிப்பிட்ட வழிகளில் திரிகிறது. இந்தத் திரிபுகளுக்குச் சிகிச்சையாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் அடிக்கடி கேட்கக்கூடிய சில இதோ:

1. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை: கணிதத்தில் 78 மதிப்பெண் வாங்கிய பிள்ளை, “முழு மதிப்பெண் வரல, நான் தோத்துட்டேன்,” என்கிறது. 78க்கும் பூஜ்யத்துக்கும் இடையே வேறுபாடே தெரிவதில்லை.

2. ஒன்றை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்தல்: ஒரு வேலை நேர்முகத்தில் தேறவில்லை. “எனக்கு எப்பவுமே இப்படித்தான்.” ‘எப்பவுமே’, ‘ஒருபோதும்’, ‘எல்லாரும்’ ஆகிய சொற்கள் இந்தத் திரிபின் அடையாளம்.

3. பிறர் மனத்தைப் படித்தல்: திருமண விருந்தில் அத்தை சரியாகச் சிரிக்கவில்லை. “நம்ம மொய் குறைவுன்னு நெனைக்கிறாங்க.” அத்தைக்குப் பல்வலியாகவும் இருக்கலாம்.

4. பேரிடராக்குதல்: “நாளைக்குப் பேசணும்” என்று மேலாளரிடமிருந்து செய்தி. பத்து நிமிடத்தில் வேலை போய், வீட்டுக் கடன் கட்ட முடியாமல், குடும்பம் நடுத்தெருவில் நிற்பது வரை மனம் ஓடிவிடுகிறது.

5. நல்லதைத் தள்ளிவிடுதல்: சமையலை ஒன்பது பேர் பாராட்டினார்கள், ஒருவர் உப்புக் கூட என்றார். இரவு தூங்கவிடாமல் செய்வது அந்த உப்புதான். “ஒன்பது பேரும் முகத்துக்காகச் சொன்னாங்க.”

6. உணர்வையே சான்றாக்குதல்: “பயமாயிருக்கு, அப்படின்னா ஏதோ ஆபத்து இருக்கு.” பயம் உண்மை. அதனால் ஆபத்தும் உண்மையாகிவிடாது.

7. ‘வேண்டும்’ என்னும் சட்டங்கள்: “நல்ல மருமகள் முகம் சுளிக்கவே கூடாது”, “ஆம்பளை அழக்கூடாது.” நம்மீது சுமத்திக்கொண்டால் குற்றவுணர்வு, பிறர்மீது சுமத்தினால் கோபம்.

8. முத்திரை குத்துதல்: “இன்று ஒரு தவறு செய்தேன்” என்பதற்குப் பதில் “நான் ஒரு முட்டாள்.” செய்கையைத் திருத்தலாம். முத்திரை குத்திக்கொண்ட பிறகு திருத்த ஒன்றும் மிஞ்சுவதில்லை.

9. எல்லாப் பழியையும் தாங்குதல்: மகன் தேசியத் தேர்வில் சறுக்கினான். “நான் வேலைக்குப் போனதுதான் காரணம்,” என்கிறார் தாய். பல காரணங்களில் ஒன்றாகக்கூட அது இல்லாமலிருக்கலாம்.

இவை எல்லாருக்கும் வருபவை. இவை வந்தாலே மனநோய் என்று பொருளில்லை. ஆனால் நாள்தோறும் இவையே மனத்தை நிறைத்து, தூக்கம், வேலை, உறவு ஆகியவற்றைக் கெடுக்கத் தொடங்கினால் கவனிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

‘நல்லதையே நினை’ என்பதல்ல

சிபிடி பற்றிப் பரவலாக உள்ள தவறான புரிதல், அது எதிர்மறை எண்ணத்தை விரட்டிவிட்டு இனிப்பான எண்ணத்தை வைக்கச் சொல்கிறது என்பது. அப்படி விரட்டுவது எளிதுமல்ல. அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் சகாக்களும் 1987ல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக்கூடாது என்று சிலரிடம் கூறப்பட்டது. அவர்களால் அதனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பின்னர் நினைக்கலாம் என்று அனுமதித்தபோது, முதலிலிருந்தே அனுமதிக்கப்பட்டவர்களைவிட அவர்களுக்கே அந்தக் கரடி அதிகமாக வந்தது.

சிபிடி கேட்பது வேறு. எண்ணத்தை விரட்டாதீர்கள், கூண்டில் ஏற்றி விசாரியுங்கள் என்கிறது. இதற்கு என்ன சான்று? எதிர்ச்சான்று உண்டா? இதே நிலையில் உங்கள் தோழி இருந்தால் அவரிடம் என்ன சொல்வீர்கள்? விசாரணை முடிவில் எண்ணம் உண்மை என்றே தெரிந்தால், அதை என்ன செய்வது என்று திட்டமிடலாம். முடிவு நல்லதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. நடந்ததற்குப் பொருந்தினால் போதும்.

ஒரு தாள், ஏழு கட்டங்கள்

இந்த விசாரணைக்குப் பயன்படும் கருவி ‘எண்ணப் பதிவேடு’. பெரியம்மாவுக்குக் கொடுத்த தாளை நானும் ஒரு முறை நிரப்பிப் பார்த்தேன். நான் எழுதிய செய்தியில், நிகழ்ச்சி நடந்த சமூக மன்றத்தின் பெயர் மாறிவிட்டது. வாசகர் ஒருவர் மின்னஞ்சலில் சுட்டிக்காட்டினார். அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

முதல் கட்டம், நிகழ்வு: வாசகரின் மின்னஞ்சல், மாலை 6 மணி.

இரண்டாவது, உணர்வும் அதன் அளவும்: வெட்கம் 80 விழுக்காடு, கவலை 70.

மூன்றாவது, அப்போது தோன்றிய எண்ணம்: “இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை.” அதை நம்பிய அளவு 85 விழுக்காடு.

நான்காவது, ஆதரவான சான்று: பெயர் தவறு என்பது உண்மை. சரிபார்க்காமல் அனுப்பியதும் உண்மை.

ஐந்தாவது, எதிரான சான்று: அந்த மாதம் எழுதிய மற்றக் கட்டுரைகளில் இப்படி நடக்கவில்லை. திருத்தம் பத்து நிமிடத்தில் வெளியானது. ஆசிரியர், “அடுத்த முறை பார்த்துக்கொள்ளுங்கள்,” என்றதோடு சரி. அந்த வாசகரும் கட்டுரை பிடித்திருந்தது என்றுதான் தொடங்கியிருந்தார்.

ஆறாவது, பொருத்தமான எண்ணம்: “அவசரத்தில் ஒரு பெயரைத் தவறாக எழுதினேன். அனுப்புமுன் இடப்பெயர்களை மட்டும் தனியாக ஒரு முறை பார்க்க வேண்டும்.”

ஏழாவது, இப்போது உணர்வு: வெட்கம் 40, கவலை 25.

வெட்கம் பூஜ்யத்துக்கு இறங்கவில்லை. இறங்கவும் வேண்டியதில்லை. தவறு செய்தால் கொஞ்சம் வெட்கம் இருப்பது நியாயம். அன்று தூங்க முடிந்தது. மறுநாள் இடப்பெயர்களைச் சரிபார்க்கும் பட்டியலும் தயாரானது. மனத்திற்குள்ளேயே ஓட்டிப் பார்த்தால் இது அவ்வளவாகப் பலிப்பதில்லை. கையால் எழுதும்போதுதான் எண்ணம் நம்மைவிட்டுச் சற்று விலகி, பார்க்கக்கூடிய ஒன்றாகிறது.

தமிழில் ஒரு சிக்கல்

அந்தத் தாளை நிரப்பும்போது பெரியம்மா தடுமாறிய இடம் ஒன்று உண்டு. ‘உணர்வு’ என்ற கட்டத்தில் அவர், “என் பிள்ளைகளுக்கு நான் பாரம்” என்று எழுதியிருந்தார். அது எண்ணம். அதற்குப் பின்னால் இருந்த உணர்வு வருத்தமும் வெட்கமும். “நான் அப்படித்தான் உணர்கிறேன்” என்று பேச்சில் நாம் சொல்பவற்றுள் பல, உணர்வின் உடையணிந்த எண்ணங்களே. உணர்வைப் பெரும்பாலும் ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். வாக்கியம் தேவைப்பட்டால் அது பெரும்பாலும் எண்ணம். உணர்வை யாரும் மறுக்க முடியாது, எண்ணத்தைச் சோதிக்கலாம். அதனால்தான் இரண்டையும் பிரிக்கச் சொல்கிறார்கள்.

தமிழ் படித்தவள் என்ற முறையில் எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைக் கூறும் அவ்வியல், ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு நிலைக்களன்களையும் சுட்டுகிறது. உணர்வு காரணத்தோடு வருவது, உடலில் வெளிப்படுவது என்ற பார்வை நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. “மனசு சரியில்ல” என்ற ஒரே சொற்றொடரில் எல்லாவற்றையும் அடைத்துவிடாமல், வெட்கமா, அச்சமா, எரிச்சலா, ஏமாற்றமா என்று பெயரிட நம்மிடம் சொற்கள் உண்டு. பெரியம்மாவின் சந்திப்புகள் மலாயும் ஆங்கிலமும் கலந்து நடந்தன. அவருக்கு மலாய் நன்றாக வரும். தாள்களை மட்டும் தமிழில் எழுதினார். சிகிச்சைக்கு அது ஒரு தடையாக இருக்கவில்லை.

அச்சத்தைப் படியேறிச் சந்திப்பது

எண்ணத்தைத் தாளில் வெல்வது பாதி வேலை. மீதிப் பாதி ரயில் நிலையத்தில் நடந்தது.

பெரியம்மாவுக்கு வந்தது பீதித் தாக்கம். பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986ல் அளித்த விளக்கம் இன்றும் இதற்கான சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது. உடலில் ஒரு சாதாரண மாற்றம் தோன்றுகிறது. பெரியம்மாவின் விஷயத்தில் வெறும் வயிறு, கோப்பி, கூட்டம், அதனால் வேகமான நெஞ்சுத்துடிப்பு. “மாரடைப்பு” என்று மனம் அதற்குப் பொருள் சொல்கிறது. அச்சம் எழுகிறது. அட்ரினலின் சுரந்து துடிப்பு இன்னும் கூடுகிறது. வேகமாக மூச்சுவிடுவதால் ரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து தலை கிறுகிறுக்கிறது, விரல் மரக்கிறது. “பார், உண்மைதான்,” என்கிறது மனம். வட்டம் வேகமெடுக்கிறது.

மூன்றாவது சந்திப்பில் உளவியலாளர் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வேண்டுமென்றே ஒரு நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொன்னார். அதே கிறுகிறுப்பு, அதே மரத்த விரல்கள். மாரடைப்பு இல்லை. “மூச்சுதான் இந்த வேலையைச் செய்யுதா?” என்று பெரியம்மா கேட்டாராம். மயங்கி விழுந்துவிடுவேன் என்ற பயத்திற்கும் பதில் கிடைத்தது. மயக்கம் பொதுவாக ரத்த அழுத்தம் சட்டென்று குறையும்போது வருவது. பீதியின்போது அழுத்தம் கூடவே செய்கிறது. இதயப் பரிசோதனை முடிந்து, மருத்துவர் ஒப்புதல் அளித்த பிறகே இவை செய்யப்பட்டன என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

ரயிலைத் தவிர்த்ததால் அவருக்கு உடனடி நிம்மதி கிடைத்தது. ஆனால் “ஏறியிருந்தால் செத்திருப்பேன்” என்ற நம்பிக்கையைச் சோதிக்கும் வாய்ப்பு ஒவ்வொரு முறையும் பறிபோனது. ஆகவே இருவரும் சேர்ந்து ஒரு படிக்கட்டு வரைந்தார்கள். முதல் படி, யீஷூன் நிலைய மேடையில் 15 நிமிடம் நிற்பது. இரண்டாவது, என்னோடு கத்தீப் வரை ஒரே ஒரு நிறுத்தம். மூன்றாவது, அதே தூரம் தனியாக. பிறகு அங் மோ கியோ. பிறகு பீஷானைக் கடந்து சுரங்கப் பாதையில் தோ பாயோ வரை. கடைசியில் தேக்கா.

ஒவ்வொரு படிக்கும் முன் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறார் என்பதை எழுதினார்; வந்தபின் என்ன நடந்தது என்பதை எழுதினார். “மயங்கி விழுவேன், 80 விழுக்காடு” என்று முதல் வரி. “கை நடுங்கியது. எட்டு நிமிடத்தில் அடங்கியது. ஒரு சீனப் பாட்டி இடம் கொடுத்தார்,” என்று இரண்டாவது வரி.

இன்னொன்றையும் விட வேண்டியிருந்தது. கைப்பையில் கோடாலித் தைலம், தண்ணீர் போத்தல், கதவோரத்தில் நிற்பது, கைக்கடிகாரத்தில் நிமிடத்துக்கு ஒரு முறை துடிப்பைப் பார்ப்பது. இவற்றைப் ‘பாதுகாப்புச் செய்கைகள்’ என்கிறார்கள். இவை இருக்கும்வரை, “தைலம் இருந்ததால் பிழைத்தேன்” என்றே மனம் சொல்லும். மற்றவற்றை எளிதில் விட்டவர், தைலத்தை விட மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

மனச்சோர்வு உள்ளவர்களுக்கு நடத்தைப் பகுதி வேறு மாதிரி அமையும். உற்சாகம் வந்தபின் எழலாம் என்று காத்திருந்தால் அது வருவதில்லை. படுத்தே கிடப்பதால் சோர்வு கூடுகிறது. எனவே மனநிலை எப்படி இருந்தாலும் சிறு செயல்களை நேரம் குறித்துச் செய்யச் சொல்கிறார்கள். காலை 9 மணிக்குக் கீழே இறங்கி பத்து நிமிட நடை, மாலையில் தங்கைக்கு ஓர் அழைப்பு என்று தொடங்கும். செயல் முதலில், மனநிலை பிறகு.

சிகிச்சை அறையில் என்ன நடக்கும்?

வழக்கமாக வாரம் ஒரு முறை, 30 முதல் 60 நிமிடம். பெரும்பாலும் 6 முதல் 20 சந்திப்புகள். பெரியம்மாவுக்குப் பத்து. தொடக்கத்தில் இருவரும் அன்றைய பேச்சுக்கான பட்டியலை ஒப்புக்கொள்வார்கள். கடந்த வார வீட்டுப்பாடம் பார்க்கப்படும். புதியதாக ஒன்று கற்றபின் அடுத்த வாரத்துக்கான வீட்டுப்பாடம் முடிவாகும். சிறுவயதுக் கதைகள் தேவைப்பட்டால் பேசப்படும். ஆனால் கவனம் இன்றைய சிக்கலை இன்று எது தொடரச் செய்கிறது என்பதில்தான். கடைசிச் சந்திப்புகளில், மீண்டும் தலைதூக்கினால் என்ன செய்வது என்று எழுதிக்கொடுப்பார்கள். நோயாளி தானே தனக்குச் சிகிச்சையாளராவதே இலக்கு.

மனச்சோர்வு, பதற்றக் கோளாறுகள், பீதிக் கோளாறு, எண்ணச் சுழற்சி நோய், அதிர்ச்சிக்குப் பிந்திய மனவுளைச்சல், தூக்கமின்மை போன்றவற்றுக்கு சிபிடி பயனளிப்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கிலாந்தில் 2008ல் தொடங்கிய தேசியப் பேச்சுச் சிகிச்சைத் திட்டத்தின் முக்கியப் பகுதி இதுவே.

எல்லாவற்றுக்கும் மருந்தல்ல

சிபிடிக்கு எல்லை உண்டு. கடுமையான மனச்சோர்வில் மருந்தும் சேர்ந்தே தேவைப்படலாம். மனச்சிதைவு, இருதுருவ நோய் போன்றவற்றில் மருந்தே முதன்மை. பேச்சுச் சிகிச்சை துணைக்கு வரும். வீட்டுப்பாடத்துக்கு உழைக்க மனமோ நேரமோ இல்லாதவர்களுக்குப் பலன் குறைவு. சிலர் இடையில் நின்றுவிடுகிறார்கள். சிலருக்கு வேறு வகைச் சிகிச்சை பொருந்துகிறது.

இன்னொரு முக்கிய எச்சரிக்கை: துயரத்தின் காரணம் எப்போதும் தலைக்குள் இருப்பதில்லை. வீட்டில் அடி வாங்கும் பெண்ணுக்குத் தேவை பாதுகாப்பு. கடன்காரர்கள் கதவைத் தட்டும் குடும்பத்துக்குத் தேவை கடன் ஆலோசனை. இனத்தைச் சொல்லி வேலையிடத்தில் ஒதுக்கப்படுபவரிடம், “உன் எண்ணத்தைச் சோதித்துப் பார்,” என்று சொல்வது அநீதி. நல்ல சிகிச்சையாளர், எண்ணத்தின் திரிபையும் உண்மையான பிரச்சினையையும் பிரித்துப் பார்ப்பார்.

பெரியம்மாவின் பயத்திலும் உண்மை இருந்தது. கணவர் இதயநோயில்தான் போனார். அந்தத் துக்கத்தை யாரும் திரிபு என்று சொல்லவில்லை. பத்துச் சந்திப்புகளில் இரண்டு முழுக்க பெரியப்பாவைப் பற்றியே.

சிங்கப்பூரில் நிலவரம்

மனநலக் கழகம் 2016ல் மேற்கொண்ட நாடு தழுவிய ஆய்வில், எழுவரில் ஒருவர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றை எதிர்கொண்டிருப்பது தெரியவந்தது. அவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த நிபுணரிடமும் உதவி நாடவில்லை. 2022ன் தேசிய மக்கள் சுகாதார ஆய்வில் மனநலம் குன்றியிருந்தோர் 17 விழுக்காடு. 18 முதல் 29 வயதினரிடையே அது 25.3 விழுக்காடு. அதே ஆய்வில் மருத்துவ நிபுணரை நாடத் தயாராக இருந்தோரின் விகிதம், 2019ல் இருந்த 47.8லிருந்து 56.6 விழுக்காட்டுக்கு உயர்ந்திருந்தது நல்ல செய்தி.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ நாடலாம். தைராய்டு, இதயம், ரத்தசோகை போன்ற உடல் காரணங்களை விலக்கவும் அதுவே நல்ல வழி. மருத்துவர் தேவைக்கேற்ப உளவியலாளரிடம் அனுப்பிவைப்பார். குடும்பச் சேவை நிலையங்களும் சிண்டாவும் ஆலோசனைக்கு வழிகாட்டும். முதல் அழைப்பிலேயே, தமிழ் பேசும் ஆலோசகர் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் உண்டு. நாங்கள் தொடக்கத்தில் செய்த தவறு, பெரியம்மாவுக்காக எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்து, எங்கும் டாக்சியில் அழைத்துப்போனது. பாசத்தில் செய்தோம், அவருடைய உலகம் சுருங்க நாங்களும் காரணமானோம். “ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் நினைப்பு,” என்று சொன்னதும் உதவவில்லை. உதவியது, மேடையில் 15 நிமிடம் பேசாமல் உடன் நின்றது.

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பெரியம்மாவிடமிருந்து எனக்கு ஒரு படம் வந்தது. சந்தையில் வாங்கிய முருங்கைக்காயும் வாழைப்பூவும். கீழே ஒரு வரி: “நொவீனாவுல கொஞ்சம் படபடன்னு வந்துச்சு. எறங்கல.”

உதவி எண்கள்

தேசிய மனநல உதவி எண்: 1771 (24 மணி நேரம்)

சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்: 1767 (24 மணி நேரம்)

மனநலக் கழக உதவி எண்: 6389 2222 (24 மணி நேரம்)

உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் 995 எண்ணை அழைக்கவும். இக்கட்டுரை பொதுத் தகவலுக்கானது. மருத்துவ ஆலோசனைக்கு மாற்றல்ல. மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்த வேண்டாம்.